அளக்க வந்தாங்களா?

சொந்தக்காரங்க கல்யாணம் ஒண்ணுல, பந்தியில உக்காந்திருந்தப்ப, ஒரு பெரியம்மா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க: "கூடப்பொறந்தவன்னா இவனைச் சொல்லணும். ஒரு நாள் விடாம அக்காவுக்குப் போன் பண்றான். நம்ம வீட்டுலயும் இருக்குதுங்களே!" பக்கத்து இலையில இருந்தவரு என் முதுகுல தட்டுனாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? தலையைக் குனிஞ்சு, ரொம்ப அடக்கமா, "அதுல என்ன இருக்கு பெரியம்மா, அக்காதானே"ன்னேன். அந்த அடக்கத்தை நெனச்சா இப்பவும் காது சுடுது.

தினமும் போன் பண்ணது நெசம்தான். ஏன் பண்ணேன்கிறதுதான் அந்தப் பந்தியில யாருக்கும் தெரியாது. ஒரு சின்னக் கம்பெனியோட ஷேர் விலை நாளைக்கு ஏறுமா எறங்குமான்னு தெரிஞ்சுக்கத்தான் நான் என் அக்காவுக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்தேன். சொல்லிட்டேன். இனிமே மிச்சத்தையும் சொல்லித்தான் ஆகணும்.

நான் மலேசியாவுல, ஈப்போவுல கார் ஓட்டக் கத்துக்குடுக்குறவன். பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளைங்க, புருஷன் போனதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்ட அம்மாங்க, பரிட்சையில திரும்பத் திரும்பக் கோட்டை விட்ட ஆம்பளைங்கன்னு எல்லாருக்கும் பக்கத்துல உக்காந்திருக்கேன். எல்லாரும் "சிக்கு"ன்னு கூப்பிடுவாங்க, மலாய்ல வாத்தியாருன்னு அர்த்தம். இந்த வேலையில என் பக்கம் இருக்குற ரெண்டாவது பிரேக் மேல காலு மட்டும் இருந்தா போதும். கை ரெண்டும் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த கையிலதான் போன் வந்து ஒட்டிக்கிச்சு.

காலையில நான் சாப்பிடுற மாமாக் கடையில, அதாவது இங்க தமிழ் முஸ்லிம்ங்க நடத்துற சாப்பாட்டுக் கடையில, கூட உக்காருற ஆளு ஒருத்தன் இருக்கான். என்னோட ஒரே ரப்பர் தோட்டத்துல பொறந்தவன், இப்ப ஈப்போவுல வாடகைக் கார் ஓட்டுறான். மச்சான் மச்சான்னுதான் பேசிக்குவோம். ஒரு நாள் ரொட்டி சானாயைப் பிச்சுக்கிட்டே போனை என் பக்கம் திருப்பினான். "மச்சான், இந்தப் பேரைப் பாரு." பார்த்தேன். நம்ம தோட்டத்து வாசல்ல பலகையில எழுதியிருக்குற கம்பெனிப் பேரு. அது பங்குச் சந்தையில இருக்குன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. "இருபது காசு சொச்சம்தான் மச்சான் ஒரு ஷேரு. நம்ம அப்பனுங்க ரப்பர் வெட்டுன எடம்லா. ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப் போடுவோம்"ன்னான்.

வீம்புக்குத்தான் வாங்கினேன், அதுல பொய் இல்ல. அந்தக் கம்பெனி ஆபீஸ் வாசல்ல எங்க அப்பா செருப்பைக் கழட்டிப்போட்டுட்டு நின்னதை நான் பார்த்திருக்கேன். இப்ப அதே கம்பெனியில எனக்கும் ஒரு துண்டு இருக்குன்னு ஒரு திமிரு. முதல் வாரம் முழுக்க யாரு கிட்டயாவது இதைச் சொல்லணும்னு நாக்கு துறுதுறுன்னு இருந்துச்சு. வீட்டுக்காரி கிட்ட மட்டும் சொல்லல. சொன்னா கேள்வி கேப்பா.

அந்த ஷேரு இருக்கே, அது ஒரு பைத்தியம். ரெண்டு மூணு தோட்டமும் கமுந்திங்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் ஃபேக்டரியும் வச்சிருக்குற கம்பெனி, அது என்னத்துக்கு இப்படி ஆடணும்? இன்னைக்கு ரெண்டு காசு ஏறும், நாளைக்கு மூணு காசு எறங்கும். சிரிக்காதீங்க, இருபது காசுல மூணு காசுன்னா சின்ன விஷயம் இல்ல. ஒரு செய்தியும் இருக்காது, பேப்பர்ல ஒரு வரி இருக்காது. அதுபாட்டுக்கு ஆடும்.

ஏன் ஆடுதுன்னு காலையில மாமாக் கடையில ஒரு பெரிய மாநாடே நடக்கும். மச்சான் சொல்லுவான், "நாலு பெரிய தவ்கே முதலாளிங்க உக்காந்துக்கிட்டு, இவன் விக்க அவன் வாங்க, விளையாடுறானுங்க. நம்மள மாதிரி ஏமாந்தவன் உள்ள வந்தா கழட்டிவிட்டுருவானுங்க." கடைக்கார அண்ணே பொழுதுக்கும் தே தாரிக் டீ ஆத்துறவரு, அவருக்கு வேற கணக்கு. "சீனப் பெருநாள் வருதுல்ல சிக்கு, கையில காசு வேணும்னு எல்லாரும் விக்கிறான். பெருநாள் போகட்டும், ஏறும் பாருங்க." பெருநாள் போச்சு. ஏறல. உடனே மழைன்னாரு. மழை பெஞ்சா எண்ணெய் எடுக்குற செம்பனைக் குலை வெட்ட முடியாதாம், அதனால எறங்குதாம். வெயில் அடிச்சப்பவும் எறங்குச்சு, அதுக்கும் ஒரு காரணம் வச்சிருந்தாரு. நான் அவங்களைப் பார்த்துச் சிரிப்பேன். எனக்குத்தான் உண்மையான காரணம் தெரியும்னு ஒரு நெனப்பு.

அந்த நெனப்பு எப்படி வந்துச்சுன்னா, ஒரு நாள் ஒரேயடியா மூணு காசு ஏறுச்சு. ஏன்னு தெரியாம மண்டை குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்குச் சாயந்தரம் அக்கா போன் பண்ணுச்சு.

அக்காவைப் பத்திச் சொல்லணும். என்னைவிட எட்டு வயசு மூப்பு. காம்பாருக்கு உள்ளுக்க இருக்குற அந்தத் தோட்டத்துலயே பொறந்து, அங்கயே கட்டிக்கிட்டு, அங்கயே புருஷனைப் பறிகுடுத்து, அங்கயே இருக்குற ஆளு. ரப்பரை அழிச்சு செம்பனை நட்டப்பவும் போகல. வேலைக்கு வங்காளதேசத்து ஆளுங்களைக் கொண்டாந்தப்பவும் போகல. ஒரே மக, ஜோகூர்ல கட்டிக்குடுத்தாச்சு, அது கூப்பிட்டும் போகல. தோட்டத்து ஆளுங்களோட வீட்டு வரிசைதான் லயம், அதுல மிச்சம் ஏழெட்டுக் குடும்பம்தான். கம்பெனி அவங்களைக் கிளம்பச் சொல்லி ரொம்ப நாளாச்சு, ஈப்போ டவுன் ஓரத்துல அடுக்குமாடி வீடும் கொஞ்சம் காசும் தரோம்னு சொல்லிப்பார்த்தாச்சு. அக்கா முடியாதுன்னுருச்சு. "என்னைத் தூக்கணும்னா இந்த வாசல்லேர்ந்துதான் தூக்கணும். அதுக்கு நான் செத்திருக்கணும்"னு மேனேஜர் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கு. அக்கா கையெழுத்துப் போடாத வரைக்கும் மத்தவங்களும் போடமாட்டாங்க. அது எல்லாருக்கும் தெரியும்.

அன்னைக்கு அக்கா போன் பண்ணது ஒரு கோழி விஷயமா. நாய் ஒண்ணு கோழியைத் தூக்கிருச்சுன்னு புலம்பிக்கிட்டே இருந்தது, நடுவுல சும்மா சொல்லுச்சு: "காலையில வேற முக்காலி மாதிரி ஒண்ணைத் தூக்கிக்கிட்டு மூணு பேரு வந்து லயத்துக்குப் பின்னாடி அளந்துக்கிட்டு கிடந்தானுங்க. அந்தக் கூச்சல்லதான் நாய் உள்ள வந்துருச்சு."

அளந்தானுங்களா? எத்தனை மணிக்கு? அக்கா கோழியைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கு, நான் நிலத்தை அளந்தவனுங்களைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்கேன். காம்பார்ல யுனிவர்சிட்டி இருக்கு, படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு வீடு பத்தல. நிலத்தை வீட்டு மனையாக்கப் போறான், விஷயம் தெரிஞ்சவன் வாங்குறான், விலை ஏறுது. அவ்வளவுதான் சூட்சுமம்! மழையாவது பெருநாளாவது. ஈப்போவுல இருக்குற அத்தனை பேருக்கும் தெரியாதது எனக்கு என் அக்கா வாசல்லேர்ந்து வருது. அன்னைக்கு நான் கோழிக்கு ஒரு 'ஐயோ' கூடச் சொல்லல.

மறுநாள்லேர்ந்து ஆரம்பிச்சுது. காலையில பாடம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு போன். "என்னக்கா, எப்படி இருக்கே"ன்னு ஒரு வார்த்தை, அது சும்மா தோரணம். அதுக்குப் பதில் வர்றதுக்குள்ளயே, "அளக்க வந்தாங்களா?"ன்னு கேட்டுருவேன். வந்தாங்கன்னா என்ன வண்டி, எத்தனை பேரு, எந்தப் பக்கம் போனாங்க. வரலேன்னா, "சரிக்கா, வைக்கிறேன்." முதல்ல அக்காவுக்கு ஒண்ணும் புரியல. "ஏன்டா இதையே கேக்குறே?"ன்னுச்சு. நான் வாய் கூசாம, "உன்னை நெனச்சுத்தான்க்கா. திடீர்னு வந்து இடிச்சுட்டா நீ என்ன பண்ணுவே"ன்னேன்.

அக்கா, "நீ ஒருத்தனாவது கேக்குறியே"ன்னுச்சு. கொரலு கம்மிப் போயிருந்துச்சு. எங்க அக்கா கொரலு கம்மி நான் கேட்டதே இல்ல, அது புருஷன், எங்க மாமா, செத்தன்னைக்குக்கூட அது ஊரையே ஏசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. பக்கத்துல கத்துக்கிட்டு இருந்த அம்மா கிளட்சை விட்டுட்டாங்க, வண்டி குலுங்கி நின்னுச்சு, அவங்களை ஏசிட்டு விலையைப் பார்த்தேன்.

அன்னைலேர்ந்து அக்கா நான் கேக்காமயே சொல்ல ஆரம்பிச்சுருச்சு. வேலையா நெனச்சுச் செஞ்சுது பாவம். எங்கயாவது ஒரு மூங்கில் குச்சியில சிவப்புத் துணி கட்டியிருந்தா போதும், நடந்து போயிப் பார்த்துட்டு வந்து சொல்லும். "ஆத்தோரம் வரைக்கும் குச்சி நட்டிருக்கான்டா. நீ ஒண்ணும் பயப்படாதே, நம்ம லயத்துப் பக்கம் வரல." நம்ம லயத்துப் பக்கம் வரலேன்னா எனக்கு மனசு சுருங்கும். வந்திருக்கக் கூடாதான்னு தோணும். என் அக்கா முட்டிவலியோட செடிக்குள்ள நடந்து போயி, தனக்கு ஆபத்தில்லன்னு எனக்கு ஆறுதல் சொல்லுது, நான் இங்க ஏமாந்துபோய் உக்காந்திருக்கேன். மனுசனா நானு?

சில நாள் ஒத்துப்போச்சு, அதுதான் கெடுத்துச்சு. குச்சி நட்டதா அக்கா சொல்லும், ரெண்டு நாள்ல ஒரு காசு ஏறும். ஒத்துப்போகாத நாளெல்லாம் என் நெனப்புல தங்கவே இல்ல. மாமாக் கடையில நான் பேசறதே மாறிப்போச்சு. மேசையில கையை வச்சுக்கிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பொறுங்கண்ணே, ஏறும்"னு மெதுவா சொல்லுவேன். ஏறுனா கடைக்கார அண்ணே என் தேத்தண்ணிக்குக் காசு வாங்கமாட்டாரு. "சிக்குக்கு உள்ளுக்க ஆள் இருக்கு"ன்னு மச்சான் ஊரெல்லாம் சொல்லிவச்சான். ஆமா, உள்ளுக்க ஆள் இருந்துச்சு. கோழிக்குத் தவிடு பிசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்துச்சு. வருஷா வருஷம் அக்கா கூப்பிடும், நான் பாடம் இருக்குன்னு சொல்லித் தட்டிக்கழிப்பேன். அந்த வருஷம் நானே முதல் ஆளா போயி நின்னேன். ஏன்னா அக்கா சொல்லியிருந்துச்சு, இந்தத் தடவை பந்தல் செலவு முழுக்கக் கம்பெனியே ஏத்துக்கிச்சாம், புது மேனேஜரும் வர்றாராம். தோட்டத்துல பொறந்த எவனும் இதுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவான்: கம்பெனி கோயிலுக்குக் கையை நீட்டி அள்ளிக் குடுத்தா, பின்னால நம்ம கிட்ட எதையோ கேக்கப் போறான். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். நான் அதே அர்த்தத்தை எடுத்துக்கிட்டுப் போயி ஷேருக்குப் பொருத்திப் பார்த்தேன்.

மேனேஜர் வந்தாரு. தலையில பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் தீபத்தை அவருக்குத்தான் காட்டுனாங்க. கூட டை கட்டுன ரெண்டு பேரு, யாருன்னே தெரியல. நான் சாமியைப் பார்க்கல, அந்த ரெண்டு பேரையும்தான் பார்த்தேன். கார் என்ன கார்னு போயிப் பார்த்துட்டு வந்தேன். அப்புறம் சன்னதிக்கு முன்னாடி நின்னு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, கண்ணை மூடிக்கிட்டு வேண்டுனேன். 'ஆத்தா, திங்கக்கிழமை ஏறணும்.'

யோசிச்சுப் பாருங்க. அந்த நிலம் வித்தாத்தான் விலை ஏறும்கிறது என் கணக்கு. வித்தா முதல்ல போறது லயம், அடுத்தது அந்தக் கோயில். ஆத்தா குடியிருக்குற வீட்டை இடிக்கச் சொல்லி ஆத்தா கிட்டயே வேண்டிக்கிட்டு நின்ன ஒரே பக்தன் நானாத்தான் இருப்பேன். பக்கத்துல நின்ன அக்கா என் நெத்தியில துன்னூறு பூசி, "உன் வேண்டுதல் பலிக்கும்டா. எனக்காகத்தான் வேண்டுறேன்னு தெரியும்"னுச்சு. அப்புறம் அன்னதானத்துல உக்கார வச்சு, எனக்குப் பிடிக்கும்னு பாயசத்தை ரெண்டாவது தடவையும் ஊத்துச்சு. நான் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

திங்கக்கிழமை ஏறுச்சு. நான் இன்னும் வாங்கினேன். அதுக்கப்புறம் எறங்க ஆரம்பிச்சுது பாருங்க, நிக்கவே இல்ல.

ராத்திரி படுத்தா தூக்கம் வராது. வீட்டுக்காரி என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுவேன். அக்காவுக்குக் காலையில ஒரு போன், மத்தியானம் ஒரு போன், சந்தை மூடுறதுக்கு முன்னாடி ஒரு போன். "வந்தாங்களா? ஒருத்தனும் வரலயா? நல்லாப் பார்த்தியா? மேனேஜர் ஏதாச்சும் பேசுனாரா?" என் கொரலு நடுங்கும், அது எனக்கே தெரியும். "ஏன்டா இப்படிப் பதறுறே, நான் இங்க நல்லாத்தான்டா இருக்கேன்"னு அக்கா திரும்பத் திரும்பச் சொல்லும். "இல்லக்கா, எனக்குப் பயமா இருக்கு"ன்னேன் ஒரு நாள். பயம் நெசம்தான். எதுக்குப் பயம்கிறதை மட்டும் சொல்லல.

அதுக்கப்புறம் ஒரு நாள் காலையில, நான் போன் பண்றதுக்கு முன்னாடியே அக்கா பண்ணுச்சு. நான் பரிட்சைத் திடல்ல இருந்தேன். ஒரு டீச்சரம்மா ரெண்டு கம்புக்கு நடுவுல வண்டியைப் பின்னுக்கு விட்டுக்கிட்டு இருந்தாங்க.

"டேய், போட்டுட்டேன்டா."

"என்னத்தக்கா?"

"கையெழுத்து. நேத்து மேனேஜரைக் கூப்பிட்டு நானே போட்டுட்டேன். அடுக்குமாடி வீட்டுக்குப் போயிர்றேன். இனிமே நீ பயப்பட வேணாம்."

என் காலு தானா பிரேக்கை மிதிச்சுருச்சு. டீச்சரம்மா முன்னுக்குச் சாய்ஞ்சு, "சிக்கு, கம்பை இடிச்சுட்டேனா?"ன்னாங்க. அக்கா பேசிக்கிட்டே இருந்துச்சு.

"உன் பொண்டாட்டி சொல்லுச்சு, ராத்திரி தூங்குறதே இல்லயாமே? உனக்கு ரத்தக்கொதிப்பு வேற இருக்கு. எனக்காகப் பயந்து பயந்து நீ படுத்துட்டீனா அப்புறம் எனக்கு யாருடா இருக்கா? வீடுதானே, போனா போவுது. நான் போட்டதும் மத்தவங்களும் போடுறோம்னுட்டாங்க. நீ நிம்மதியா இரு."

அப்ப நான் செஞ்சதைத்தான் யாருக்கும் சொல்ல முடியல. இங்க எழுதுறேன். அக்கா இன்னும் போன்ல பேசிக்கிட்டு இருக்கு, அலமாரியை எப்படி எறக்குறதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கு. நான் போனைக் காதுலேர்ந்து எடுத்து, அந்தக் கம்பெனி ஷேர் விலையைப் பார்த்தேன். அக்காவோட கொரலு உள்ளங்கையில சின்னதா கேட்டுக்கிட்டே இருக்கு, நான் விலையைப் பார்க்குறேன். அரைக் காசு அசையல.

மறுநாளும் அசையல. மத்தக் குடும்பமும் கையெழுத்துப் போட்டுச்சு, அசையல. லயம் காலியாகப் போகுது, கம்பெனி இத்தனை வருஷமா கேட்டது கிடைச்சாச்சு, ஊர்ல ஒரு பய கண்டுக்கல. அடுத்த வாரம் ஏதோ காரணத்துக்கு ஒரு காசு எறங்குச்சு. ஏன் எறங்குச்சுன்னு மாமாக் கடையில கேட்டாங்க. "தெரியலண்ணே"ன்னேன். "என்ன சிக்கு, உள்ளுக்க ஆளு கைவிட்டுருச்சா?"ன்னு கடைக்கார அண்ணே சிரிச்சாரு. கேலியாத்தான் கேட்டாரு. நான் தேத்தண்ணியைப் பாதியிலயே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

சாமான் ஏத்துற அன்னைக்கு லாரியோட போனேன். அக்கா கோழியையெல்லாம் பக்கத்துத் தோட்டத்து ஆளுக்கு வித்துருச்சு, அடுக்குமாடியில வளர்க்க முடியாதுன்னு. மாமா கையால பலகை அடிச்சுக் கட்டுன பின்கட்டு ஒண்ணு இருக்கும், அதை ஒரு தடவை உள்ள போயிப் பார்த்துட்டு வந்துச்சு. அழல. "ஏய், பானையைப் பார்த்துத் தூக்குங்கடா"ன்னு லாரிக்காரனை ஏசுச்சு. லயத்துக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து என் கையைப் பிடிச்சாங்க. "நல்லவேளை தம்பி, நீங்க எடுத்துச் சொன்னீங்க. நாங்க சொன்னா எங்க கேக்குது." நான் எதையும் எடுத்துச் சொல்லலேன்னு சொல்ல வாயைத் தெறந்தேன். அக்கா குறுக்க வந்து, "அவன் சொல்லவே இல்ல, பயந்துட்டான். அவன் பயந்ததைப் பார்த்துத்தான் நான் போட்டேன்"னு பெருமையா சொல்லுச்சு. நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்னு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு மெத்தையைத் தூக்கினேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். லாரிக்குப் பின்னாலயே காரை ஓட்டிக்கிட்டு வந்தப்ப அக்கா என் பக்கத்துலதான் இருந்துச்சு, எல்லாரும் உக்காந்து கத்துக்கிற சீட்டுல நானு, நான் உக்காருற சீட்டுல அது. வழி முழுக்க வார்த்தையைக் கோத்துப் பார்த்தேன். 'அக்கா, நான் அந்தக் கம்பெனி ஷேரு வச்சிருக்கேன்.' அவ்வளவுதான், ஒரு வரி. வரல. அது ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே, "நீ இருக்குறதுனால எனக்குத் தைரியமா இருக்குடா"ன்னுச்சு. அதுக்கப்புறம் எப்படி வரும்?

அளந்தது எதுக்குன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. வீட்டு மனையும் இல்ல, யுனிவர்சிட்டிப் பிள்ளைங்களும் இல்ல. பழைய செம்பனையை வெட்டிட்டுப் புதுசா நடுறதுக்கு அளந்திருக்கானுங்க. லயத்தை இடிச்ச எடத்துலயும் கன்னு நட்டுட்டான். மச்சான் அந்தப் பக்கம் சவாரி போனப்ப படம் புடிச்சு அனுப்பினான். அக்கா வாசல் எதுன்னு தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியல. கோயிலை மட்டும் இன்னும் தொடல, ஆத்தா என் வேண்டுதலைக் காதுலயே வாங்கிக்கல போல. ஷேரு நான் வாங்குன விலைக்குக் கீழதான் கிடக்கு, இன்னும் அப்பப்ப ஏறுது, எறங்குது. ஏன்னு எனக்கு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. மாமாக் கடைப் பக்கம் நான் போறதில்ல.

அடுக்குமாடிக்கு வந்தப்புறம் அக்கா என் வீட்டுலேர்ந்து கால் மணி நேரத் தூரம்தான். ஆனா நான் போன் பண்றதை நிறுத்திட்டேன். பண்ணா என்ன பேசறதுன்னே தெரியல. கேக்குறதுக்கு என் கிட்ட ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு, அது முடிஞ்சுபோச்சு. வெக்கமும் ஒரு பக்கம். நாளைக்குப் பண்ணுவோம், நாளைக்குப் பண்ணுவோம்னு ரெண்டு மாசம் ஓடிருச்சு. அந்தக் கல்யாணப் பந்தியில பெரியம்மா என்னைப் புகழ்ந்தது இந்த ரெண்டு மாசத்துக்குள்ளதான். அக்கா அவங்க கிட்ட, நான் இப்பவும் தினம் பண்றேன்னு சொல்லி வச்சிருக்கு.

கல்யாணத்துக்கு மறுநாள் அக்காவே பண்ணுச்சு. ஏன்டா பண்றதில்லன்னு கேக்கல. எடுத்த எடுப்புல, பழைய மாதிரி, அவசரமா ஆரம்பிச்சுது.

"டேய், கேளு. இன்னைக்குக் காலையில ரெண்டு பேரு வந்தானுங்கடா. லிப்டு கெட்டுப் போயிருந்துச்சுல்ல, அதைப் பார்க்க. டேப்பு வச்சு நல்லா அளந்தானுங்க. வெள்ளை வேன்லதான் வந்தானுங்க, நம்பரைக்கூடப் பார்த்து வச்சிருக்கேன். அஞ்சாவது மாடி வரைக்கும் நானும் பின்னாலயே போயிப் பார்த்தேன். மேல் மாடியில என்ன அளந்தானுங்கன்னு தெரியல, சாயந்தரம் கேட்டுச் சொல்றேன்."

முட்டிவலிக்காரி. லிப்டு வேற இல்ல. எனக்குச் சொல்றதுக்கு ஒரு சேதி வேணும்னு படி ஏறிப் போயிருக்கு. அளக்க வந்தவனுங்களைப் பத்திச் சொன்னாத்தான் தம்பி காது குடுப்பான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அத்தனை மாசம் நான் சொல்லிக்குடுத்தது அதைத்தானே.

"சாப்பிட்டியாக்கா?"ன்னேன்.

லைன் போயிருச்சோன்னு போனை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அக்கா கேட்டுச்சு, பயந்துபோயி:

"ஏன்டா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?"